சைன் விதிக்காக ஒரு வக்காலத்து

கணிதப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறவர்களிடையே எழுதப்படாத ஒரு வரிசைமுறை உண்டு. வடிவகணிதக் கேள்வி ஒன்றை, படத்தில் ஒரே ஒரு கோட்டைச் சேர்த்து, நாலைந்து கோணங்களை எண்ணி முடித்துவிட்டால் அந்தத் தீர்வுக்கு நடுக்கூடத்தில் நாற்காலி. அதே கேள்வியை சைன், கோசைன் கொண்டு தீர்த்தால் விடை ஒப்புக்கொள்ளப்படும். ஆனால் திண்ணையோடு சரி. ஆயத்தொலைகளை நிறுத்தி, சமன்பாடுகளைப் பெருக்கித் தள்ளியவருக்குக் கொல்லைப்புற வாசல். போட்டிக்காரர்களின் ஆங்கிலக் குழூஉக்குறியில் பின்னிரண்டு வழிகளுக்கும் ‘பாஷிங்’ என்றே பெயர். அடித்து நொறுக்குவது என்று பொருள். முழுமையான, பிழையற்ற ஒரு நிரூபணத்தை இப்படி அழைக்கத் தோன்றுகிறதென்றால் அதற்குப் பின்னால் இருப்பது கணிதமல்ல, ரசனை. இலக்கியம் பேசுகிற இடத்தில் இதை எழுதத் துணிவதற்கும் அதுவே காரணம்.

நானும் அந்த வரிசைமுறைக்கு நெடுநாள் காவல் நின்றவன்தான். எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டிக் கணக்குகள் சொல்லிக்கொடுத்து வந்தேன். அங்கே நடந்த ஒன்றைச் சொல்வதற்கு முன் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

1922-ல் இங்கிலாந்தின் ‘மேத்தமேட்டிக்கல் கெஜட்’ இதழில் எட்வர்ட் லாங்லி என்பவர் ஒரு கேள்வியை வெளியிட்டார். அவர் பள்ளி ஆசிரியர். கணித மேதைகளின் வாழ்க்கையை எழுதிய ஈ. டி. பெல்லுக்குப் பாடம் சொன்னவர். கேள்வி இது. ஏபிசி ஓர் இருசமபக்க முக்கோணம். உச்சியான ஏ-யில் 20 பாகை, அடியில் பி, சி இரண்டிலும் 80 பாகை. பி-யிலிருந்து அடிப்பக்கத்தோடு 60 பாகைச் சாய்வில் ஒரு கோடு எழுந்து எதிர்ப்பக்கமான ஏசி-யை டி என்ற புள்ளியில் சந்திக்கிறது. சி-யிலிருந்து 50 பாகைச் சாய்வில் இன்னொரு கோடு எழுந்து ஏபி-யை ஈ என்ற புள்ளியில் சந்திக்கிறது. டி-யையும் ஈ-யையும் இணைத்தால், பிடிஈ என்ற கோணம் எவ்வளவு?

பார்வைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 என்பது ஒன்று தெரிந்தால் போதும் என்று தோன்றும். படத்தில் இருக்கிற எல்லாக் கோணங்களையும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம், கேட்ட ஒன்றைத் தவிர. அதற்கு மட்டும் எந்தப் பக்கம் போனாலும் செக்குமாடுபோலப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம். விடை 30 பாகை. அதைக் கண்டுபிடிப்பதில்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன.

1923-ல் ஜேம்ஸ் மெர்சர் ஒரு தீர்வு தந்தார். பி-யிலிருந்து அடிப்பக்கத்தோடு 20 பாகைச் சாய்வில் புதிதாக ஒரு கோடு போடுங்கள். அது ஏசி-யை எஃப் என்ற புள்ளியில் சந்திக்கட்டும். பிசிஎஃப் முக்கோணத்தில் சி-யில் 80, எஃப்-பிலும் 80. ஆகவே பிஎஃப்பும் பிசி-யும் சமம். பிசிஈ முக்கோணத்தில் சி-யில் 50, ஈ-யிலும் 50. ஆகவே பிஈ-யும் பிசி-க்குச் சமம். பிஈ, பிஎஃப் இரண்டும் சமம், நடுவில் உள்ள கோணமோ 60 பாகை. எங்கிருந்தோ ஒரு சமபக்க முக்கோணம் வந்து நின்றுவிட்டது. மேலும் பிஎஃப்டி முக்கோணத்தில் பி-யில் 40, டி-யில் 40. எனவே எஃப்டி-யும் அதே நீளம். ஆக எஃப்ஈ-யும் எஃப்டி-யும் சமம், அவற்றுக்கு இடையே 40 பாகை. டி-யில் மொத்தம் 70 வர வேண்டும். ஏற்கெனவே உள்ள 40 போக மீதி 30. முடிந்தது.

முதன்முறை இதைப் படிக்கும்போது ஏற்படுகிற மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தளை தட்டாமல் வந்த வெண்பா ‘காசு’ என்றோ ‘பிறப்பு’ என்றோ முடிகிற இடத்தில் காதுக்குக் கிடைக்கிற நிறைவு அது. ஒரு கோட்டில் நான்கு நீளங்கள் சமமாகிவிடுகின்றன, பேனாவே தேவைப்படவில்லை.

இனி நடந்தது. இந்தக் கணக்கை ஒரு வாரம் கொடுத்து அனுப்பியிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் விடையோடு வந்தாள். ஒரு பக்கத்தில் பாதிதான். பிஈ-யும் பிசி-யும் சமம் என்பதை அவளும் பார்த்திருந்தாள். பிறகு பிசிடி முக்கோணத்தில் சைன் விதி. டி-யில் 40, சி-யில் 80. எனவே பிடி என்பது பிசி-யைப் போல சைன் 80-ஐ சைன் 40-ஆல் வகுத்த மடங்கு, அதாவது 2 கோசைன் 40 மடங்கு. தெரியாத கோணத்தை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, பிடிஈ முக்கோணத்தில் இன்னொரு முறை சைன் விதி. சைன் (எக்ஸ் + 20) என்பதை சைன் எக்ஸால் வகுத்தால் 2 கோசைன் 40 வர வேண்டும். எக்ஸ் 30 என்றால் சைன் 30 என்பது அரை. அரையும் இரண்டும் அடிபட்டுப்போக, மிஞ்சுவது கோசைன் 40, அதுவே சைன் 50. பொருந்துகிறது. அதோடு நிறுத்தாமல், எக்ஸ் பெரிதாகப் பெரிதாக அந்த விகிதம் குறைந்துகொண்டே போகும், ஆகவே வேறு விடைக்கு இடமில்லை என்றும் எழுதியிருந்தாள். தேர்ந்த மாணவர்களே கோட்டை விடுகிற இடம் இந்தக் கடைசி வரி. பொருந்துகிற எண் ஒன்றைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

நான் ஓரத்தில் “சரி. ஆனால் அழகில்லை” என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு பலகையில் மெர்சரின் கோட்டைப் போட்டுக் காட்டினேன், ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல. எல்லாப் பிள்ளைகளும் ஆவென்று பார்த்தார்கள். அவள் மட்டும் சொன்னாள்: “படம் தப்பா வரைஞ்சாலும் என்னோடது வரும் சார். உங்க கோடு எனக்குத் தோணவே தோணாது.” பழகினால் தோன்றும் என்று நான் பதில் சொன்னேன். இன்னும் சில வாரங்கள் வந்தாள்; அப்புறம் வரவில்லை. பொதுத்தேர்வு, வேறு வகுப்புகள் என்று காரணங்கள் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அதே கணக்கை வேறொரு பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: “அந்த இருபது பாகைக் கோடு போடணும்னு எப்படித் தெரியும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த தீர்வுகளும், ‘பி-யிலிருந்து இப்படி ஒரு கோடு வரைக’ என்று கட்டளையிட்டுவிட்டு மேலே போய்விடுபவைதான். ஏன் 20, ஏன் 15 இல்லை? அன்றிரவு அந்தப் பெண்ணின் வழியை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். 2 கோசைன் 40 என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

2 கோசைன் 40 என்பது என்ன? இரு சமபக்கங்களும் 1 நீளமாக, அடிக்கோணங்கள் 40 பாகையாக உள்ள ஓர் இருசமபக்க முக்கோணத்தின் அடிப்பக்கம் அது. அப்படியானால் ‘பிடி என்பது பிசி-யைப் போல 2 கோசைன் 40 மடங்கு’ என்ற அவளுடைய வரி சொல்வது இதுதான்: பிடி-யை அடிப்பக்கமாக வைத்து, பிசி அளவுள்ள இரண்டு கால்களோடு ஒரு முக்கோணம் நிற்க இடமிருக்கிறது. நிறுத்திப் பாருங்கள். பி-யில், பிடி-யிலிருந்து அடிப்பக்கத்தை நோக்கி 40 பாகை திரும்ப வேண்டும். பிடி நிற்பது 60 பாகையில். 40 திரும்பினால் 20. மெர்சரின் கோடு! அவருடைய எஃப் புள்ளி அந்த முக்கோணத்தின் உச்சி. அப்புறம் அந்த அரை. சைன் 30 ஏன் அரையாக இருக்கிறது? ஒரு சமபக்க முக்கோணத்தை நடுவில் பிளந்தால் கிடைப்பது என்பதால். மெர்சரின் படத்தில் எங்கிருந்தோ வந்து நின்ற சமபக்க முக்கோணம், அவளுடைய கணக்கில் இரண்டும் அரையும் அடிபட்ட இடத்தில் மறைந்திருந்தது. மெர்சர் இப்படித்தான் கண்டடைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அழகில்லை என்று நான் எழுதிய தாளில், நான் அழகு என்று கொண்டாடிய கோடு மூன்றாம் வரியில் கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான் சைன் என்ற சொல்லையே கொஞ்சம் நின்று பார்த்தேன். வடிவகணிதத்துக்கு வெளியிலிருந்து வந்த ஏதோ இயந்திரம்போல அதை நடத்துகிறோம். அது பிறந்ததே ஒரு கோடாகத்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் தாலமி, வட்டத்தின் நாண்களுக்கு அரைப் பாகை இடைவெளியில் அட்டவணை போட்டார். அந்த அட்டவணைக்காக அவர் நிறுவிய தேற்றம் இன்றைய போட்டிகளிலும் முதல்தர ஆயுதம்: வட்டத்துக்குள் அமைந்த நாற்கரத்தில் மூலைவிட்டங்களின் பெருக்கல், எதிர்ப்பக்கங்களின் பெருக்கல்களைக் கூட்டியதற்குச் சமம். அந்த நாற்கரத்தின் ஒரு மூலைவிட்டத்தை விட்டமாக வைத்தால் வருவதுதான் நாம் பதினொன்றாம் வகுப்பில் உருப்போடும் சைன் கூட்டல் சூத்திரம். 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் முழு நாணை விட்டுவிட்டு அரை நாணை எடுத்துக்கொண்டு, மூன்றே முக்கால் பாகை இடைவெளியில் 24 மதிப்புகளைத் தந்தார். வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்ற சமஸ்கிருதச் சொற்கள் அரபியில் ‘ஜிபா’ என்று ஒலிபெயர்க்கப்பட்டன. உயிரெழுத்தில்லாமல் எழுதியதை ‘ஜைப்’ என்று படித்து, உடையின் மடிப்பு என்று பொருள்கொண்டு, லத்தீனில் ‘சைனஸ்’ ஆக்கினார்கள். ஒரு மொழிபெயர்ப்புப் பிழைதான் உலகெங்கும் பள்ளிப் பாடமாக இருக்கிறது. தமிழ்ப் பாடநூலில் நாண் என்ற சொல் அப்படியே இருக்கிறது, சைனோடு அதற்குள்ள உறவு மட்டும் சொல்லப்படுவதில்லை. ஆக, ‘திரிகோணமிதி இல்லாமல்’ என்று நாம் பெருமைப்படும்போது உண்மையில் சொல்வது, யாரோ முன்பே வரைந்து வைத்த கோடுகளைப் பயன்படுத்தாமல் நானே வரைந்தேன் என்பதைத்தான். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது வேறு மதிப்பு.

சில இடங்களில் கணக்கீடு கோட்டைவிட அதிகமாகவே சொல்லும். 1899-ல் ஃபிராங்க் மார்லி கண்ட தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் மும்மூன்று சமபங்காகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டியுள்ள பிரிகோடுகள் சந்திக்கிற மூன்று புள்ளிகளை இணைத்தால், தவறாமல் ஒரு சமபக்க முக்கோணம் வரும். சைன் விதியோடு போனால் அந்தச் சிறு முக்கோணத்தின் பக்கம், சுற்றுவட்ட ஆரத்தின் எட்டு மடங்கை, மூன்று கோணங்களுடைய மூன்றிலொரு பங்கின் சைன்களால் பெருக்கினால் வருவது என்று கிடைக்கிறது. ஏ, பி, சி மூன்றையும் எப்படி இடம் மாற்றினாலும் இந்தக் கோவை மாறாது. ஆகவே மூன்று பக்கங்களும் சமம். எவ்வளவு நீளம் என்பதும் கையோடு தெரிந்துவிடுகிறது. சைன் இல்லாத நிரூபணங்களில் மிக அழகானவற்றுள் ஒன்று 1909-ல் எம். டி. நாராயணய்யங்கார் தந்தது. இராமானுஜனின் முதல் கட்டுரையை 1911-ல் வெளியிட்ட இந்தியக் கணிதக் கழக இதழின் ஆசிரியர் அவர்தான். இவ்வகை நிரூபணங்களில் பல, சமபக்க முக்கோணத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பெரிய முக்கோணத்தைப் பின்னோக்கிக் கட்டி, நாம் தொடங்கியது இதுதானே என்று காட்டுபவை. குறையொன்றும் இல்லை. ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டவரால்தான் அப்படித் தொடங்க முடியும்.

சைன் விதியின் பாவங்களையும் மறைக்கக் கூடாது. பதினெட்டு வரி கோவைகளை விரித்துச் சுருக்கி, கடைசியில் இடமும் வலமும் சமம் என்று நிறுத்தும் தீர்வுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கே எந்த வரியில் உண்மை நடந்தது என்று தெரியாது. புள்ளி ஒன்றைச் சற்று நகர்த்தினால் முடிவு நிலைக்குமா என்று கேட்டால் மறுபடியும் பதினெட்டு வரி எழுத வேண்டும். கோடு வரைந்தவர் உடனே சொல்லிவிடுவார். இந்த வேறுபாடு உண்மையானது. அதனால்தான் மெர்சரின் தீர்வை நான் இன்றும் பலகையில் போடுகிறேன், இரண்டாவதாக.

ஆனால் என் வருத்தம் அழகு எது என்பதைப் பற்றியதல்ல. பழகினால் தோன்றும் என்று சொன்னேனே, அதைப் பற்றியது. துணைக்கோடு வானத்திலிருந்து விழுவதில்லை. ஐந்நூறு கணக்குகளின் தீர்வுகளைப் படித்தவனுக்கு ஐந்நூற்றோராவது கணக்கில் கோடு ‘தோன்றுகிறது’. அந்த ஐந்நூறு கணக்குகள் இருக்கிற புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், விலையும் கூடியவை. அவற்றைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலி இருக்க வேண்டும். சைன் விதியோ அரசுப் பாடநூலில் எல்லோருக்கும் பொதுவாக அச்சிடப்பட்டிருக்கிறது. கும்பகோணத்துப் பள்ளி மாணவரான இராமானுஜனுக்கு வாய்த்ததும் லோனியின் திரிகோணமிதிப் புத்தகம்தான், அதுவும் இரவல். உள்ளுணர்வு என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு, வாய்ப்பு. அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் சரியான தீர்வைத் தரம் குறைப்பது ரசனையின் பேரால் செய்கிற அநியாயம் என்றே இப்போது நினைக்கிறேன்.

போட்டி நடத்துபவர்கள் இந்த விஷயத்தில் பயிற்சியாளர்களைவிட நேர்மையானவர்கள். 1959-ல் ருமேனியாவில் தொடங்கி, இந்தியா 1989 முதல் பங்கேற்று, 1996-ல் மும்பையிலும் நடந்த பன்னாட்டு ஒலிம்பியாடில் இரண்டு நாள், நாளைக்கு நாலரை மணி நேரம், மும்மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். கால்குலேட்டர் கிடையாது. முழுமையான திரிகோணமிதித் தீர்வுக்கும் அதே 7தான். அழகுக்கு எட்டாவது மதிப்பெண் இல்லை. மாறாக, பாதியில் நின்றுபோன கணக்கீட்டுக்குப் பொதுவாக ஒன்றும் கிடைப்பதில்லை, பாதி வழி கோணம் எண்ணியவருக்கோ ஏதாவது கிடைக்கும். அடித்து நொறுக்குகிறவர் என்று நாம் இளக்காரமாகச் சொல்பவர்தான் கையில் உள்ளதை எல்லாம் பந்தயத்தில் வைத்திருக்கிறார்.

இந்த விவாதத்துக்குள் எதிர்பாராத ஒரு விருந்தாளியும் வந்தாயிற்று. டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘ஆல்ஃபாஜியாமெட்ரி’ என்ற நிரலைப் பற்றிய கட்டுரை 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒலிம்பியாட் வடிவகணிதக் கேள்விகள் 30-ல் 25-ஐ அது தீர்த்தது. அதில் ஒரு பகுதி கோணங்களையும் நீளங்களையும் சலிக்காமல் எண்ணித் தீர்க்கும். அது தடுமாறி நிற்கும்போது இன்னொரு பகுதி, இங்கே ஒரு துணைப்புள்ளி வைத்துப் பார் என்று யோசனை சொல்லும். இந்த இரண்டாவது பகுதி, இயந்திரமே செயற்கையாக உண்டாக்கிய பத்துக் கோடிக் கணக்குகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அதே 2024-ன் ஒலிம்பியாடில் நான்காவது கேள்வியை இதன் அடுத்த வடிவம் 19 விநாடிகளில் முடித்தது. மனித உள்ளுணர்வின் கடைசிக் கோட்டை என்று எங்கள் கூட்டம் காத்துவந்த துணைக்கோட்டைத்தான் இயந்திரம் முதலில் கற்றுக்கொண்டிருக்கிறது. ஐந்நூறு கணக்குக்குப் பதில் பத்துக் கோடி, அவ்வளவுதான் வேறுபாடு. எனக்கு இதில் துக்கம் எதுவும் ஏற்படவில்லை. கொஞ்சம் வெட்கம் ஏற்பட்டது.

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு லாங்லியின் கணக்கோடு அதன் சகோதரக் கணக்கையும் கொடுக்கிறேன். அதே முக்கோணம், பி-யில் அதே 60 பாகை. சி-யில் மட்டும் 50-க்குப் பதில் 70. கேட்கும் கோணம் டிஈசி. இதற்கான துணைக்கோட்டைத் தேடிப் பல மாதங்கள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் சைன் விதியைப் போடுங்கள் என்கிறேன். பிடி முன்போலவே பிசி-யின் 2 கோசைன் 40 மடங்கு. பிஈ இந்த முறை 2 கோசைன் 20 மடங்கு. அந்த 20-க்கான இருசமபக்க முக்கோணத்தை பிஈ-யின் மேல் உட்புறமாக நிறுத்தினால் அதன் உச்சி எந்தக் கோட்டின் மேல் போய் உட்காருகிறது, அங்கிருந்து சி-க்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வாசகர்களும் முயன்று பார்க்கலாம். நான் தீர்வைச் சொல்லப் போவதில்லை.